இந்த ஊர் நாய்

அனுசியா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் மாமியார் பெத்தம்மாள், "மியூசியத்துல ஆபீஸ் வேலை" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவாள். மகன் விஜயபாண்டி போலீஸில் ஏட்டு என்பதைக் கேட்காதவர்களையும் கூப்பிட்டு நிறுத்திச் சொல்கிற அதே வாய்தான். மருமகள் எம்.எஸ்சி. படித்தவள் என்பதையும் சொல்வாள். அந்தப் படிப்பு அவளை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். அனுசியாவின் வேலை எலும்புகளைப் பராமரிப்பது. மாட்டு எலும்பு, ஆட்டு எலும்பு, பன்றி எலும்பு, கோழி எலும்பு, மீன் முள். எல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ தின்று எறிந்தவை, மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவை.

"எவனோ தின்னு போட்ட எலும்பைக் கழுவுறதுக்கு ஒருத்தி காலேஜுக்குப் போவாளாட்டி?" என்று அனுசியா வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெத்தம்மாள் கேட்டாள். அனுசியாவிடம் அதற்கு நல்ல பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி முடிக்க அரைமணி நேரமாவது வேண்டும். பெத்தம்மாள் கேட்டதோ சீரியலுக்கு நடுவே விளம்பரம் போட்டிருந்த நேரம்.

மாலையில் வீடு திரும்பினால் அனுசியா கொல்லைப்புறமாக வந்து, துவைகல் பக்கத்தில் தலையோடு குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைக்கலாம். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய்விட்டு வருகிறவளுக்கு உள்ள அதே சட்டம். அவளுக்குத் தினமும் துட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டம் தலைகீழாகிவிடும். அன்றைக்கு வீட்டில் ஆட்டுக்கறி. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அனுசியா ஒரு கிண்ணத்தோடு வந்து தட்டுகளில் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்குவாள். பழைய எலும்பு எந்த உறுப்பு, எந்த வயது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்றைய எலும்பு வேண்டுமே.

"ஏட்டி, நான் கடிச்சு முடிக்கிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா?" என்பான் விஜயபாண்டி.

"நல்லிய உறிஞ்சிக்கோங்க. கடிச்சு உடைக்காதீங்க. முழுசா வேணும்."

உண்மையில் அவள் ஆசைப்பட்டது உயிருள்ள மிருகங்களை. செட்டியார்பட்டியில் பிறந்தவள். அப்பா பால்ச்சாமி ராணுவத்தில் இருந்து வந்தவர், மகள் ஏதாவது ஓர் அதிகாரியாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு விருப்பம் கிடையாது. விலங்கியல் படித்து முடித்ததும் செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில்களைக் கணக்கெடுக்கிற தற்காலிக வேலை கிடைத்தது. மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்தபடி காட்டுக்குள் நடந்தாள். கூடுகளைப் பார்த்தாள், கடித்துப் போட்ட புளியங்காய்களைப் பார்த்தாள், இரண்டொரு முறை இலைகளுக்கு நடுவே ஒரு வாலைப் பார்த்தாள். கணக்கெடுப்பு முடியும்போது அணிலைவிடக் கழுத்துவலியைத்தான் அதிகம் அறிந்திருந்தாள். அப்புறம் கல்யாணம் ஆயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன அருங்காட்சியகம் இருந்தது. கூமாச்சிமேடு என்ற இடத்திலும் அதைச் சுற்றியும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தோண்டி எடுத்த பொருள்களுக்கு வைக்க இடம் இல்லாமல் போக, அறக்கட்டளையின் தாளாளர் முன்வந்து வாங்கிக்கொண்டார். அவர் பஞ்சாலை நடத்தி ஓய்ந்தவர். பானையும் பாசிமணியும் கேட்டவருக்கு எலும்பும் சேர்ந்து வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ள விலங்கியல் படித்தவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார்கள்.

நேர்காணலில் தாளாளர் கேட்டார்: "எலும்புன்னா பயமாம்மா?"

"யாரோட எலும்பு சார்?" என்றாள் அனுசியா.

அந்தக் கேள்விக்காகவே வேலையைக் கொடுத்ததாக அவர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

பானைகளும் மணிகளும் ஒரு துண்டுத் தங்கக்கம்பியும் முன்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. எலும்புகள் பின்கட்டில். ஜெனரேட்டர் வைப்பதற்காகக் கட்டிய அறை அது. ஜெனரேட்டர் கடைசிவரை வாங்கவில்லை. சிமெண்டுச் சாக்குகளில் அடைத்திருந்த எலும்புகளுக்கு நடுவே எலிகள் குடும்பம் நடத்தி, குட்டி போட்டு, செத்தும் போயிருந்தன. இரண்டாயிரம் வருசத்து எலி எது, போன மாதத்து எலி எது என்று பிரிப்பதிலேயே அவளுக்கு முதல் வருடம் போயிற்று.

துணைக்கு வேலுத்தாய் என்ற அம்மாள் இருந்தாள். அகழாய்வுக் குழியில் மண் சுமந்தவள், அப்படியே இங்கே வந்துவிட்டாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எலும்பு எலும்பாகத் துலக்கி, நிழலில் உலர்த்துவாள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். உலர்ந்த எலும்பில் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒரு தீற்றுத் தீற்றி, அதன்மேல் கறுப்பு மையால் பொடிப்பொடியாக எண் எழுதுவாள் அனுசியா. மருமகள் நெயில் பாலிஷை டஜன் கணக்கில் வாங்குகிறாள், நகத்திலோ ஒன்றும் காணோம் என்பது பெத்தம்மாளுக்கு நெடுநாள் விளங்காத மர்மமாக இருந்தது.

பெட்டிகள்தான் பெரிய பாடு. எலும்புக்குப் பெட்டி வாங்க அறக்கட்டளை தயாராக இல்லை. விஜயபாண்டிக்குத் தெரிந்த ஒருவர் சிவகாசியில் அச்சகம் வைத்திருந்தார். அங்கே ஒரு மிட்டாய்க்கடைக்கு அடித்த பால்கோவாப் பெட்டிகளில் ஒரு கால் விட்டுப்போய், எல்லாப் பெட்டியிலும் 'பல்கோவா' என்று விழுந்துவிட்டது. கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அனுசியா மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். மாட்டுப்பல், ஆட்டுப்பல், பன்றிப்பல் எல்லாம் அவற்றுக்குள் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தன. அந்த அருங்காட்சியகத்திலேயே உள்ளே இருப்பதை வெளியே சரியாகச் சொன்ன பெட்டிகள் அவைதான்.

இப்படி வருடங்கள் போயின. அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் பாசிமணிகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்குவார்கள். எலும்புகளுக்கு ஒரே வரி: 'மற்றும் ஏராளமான விலங்கு எலும்புகள்.' அந்த 'ஏராளமான' என்ற சொல்லுக்குள்தான் அனுசியா குடியிருந்தாள்.

அந்த வரியைவிட்டு அவளை வெளியே இழுத்துப் போட்டது ஒரு நாய்.

கூமாச்சிமேட்டில் கடைசி முறை தோண்டியபோது, ஒரு மண்கட்டியை உடைக்காமல் அப்படியே பலகையில் வைத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அனுசியாவும் வேலுத்தாயும் மூங்கில் குச்சியும் பிரஷ்ஷுமாக அதைச் சுரண்டச் சுரண்ட, உள்ளே சுருண்டு படுத்த ஒரு நாய் வெளிப்பட்டது. குப்பையில் எறிந்த எலும்பில்லை அது. யாரோ குழி வெட்டி, கால்களை மடக்கி, தலைமாட்டில் ஒரு சட்டியும் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

"தூங்குது பாருங்கம்மா" என்றாள் வேலுத்தாய். அதற்குப் பிறகு அவள் அந்தப் பலகைப் பக்கம் சத்தமாகப் பேசவில்லை.

அந்த வாரம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தார். முன்கூடத்தில் மின்சாரம் போய்விட்டதால் பொழுதுபோக்கப் பின்கட்டுக்கு அழைத்து வந்தார் தாளாளர். அதிகாரி நாயைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்த ஊர் நாய்மா இது?"

"இந்த ஊர் நாய்தான் சார்" என்றாள் அனுசியா.

வெளியிலிருந்து கொண்டுவந்ததில்லை, இங்கேயே கிடந்த சாதாரண நாய் என்பது அவள் சொன்னதன் பொருள். ஆனால் கேட்டவர் நின்றிருந்த இடம் ராஜபாளையத்துக்குப் பக்கம். ராஜபாளையத்தில் 'இந்த ஊர் நாய்' என்றால் அதற்கு வேறு பொருள். பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, நெட்டைக் கால், ஒடுங்கிய முகம். தபால்தலையில் ஏறிய நாய். அதிகாரி வெளியே வந்ததும் வாசலில் நின்ற நிருபரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். மறுநாள் பத்திரிகையில் 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ராஜபாளையம் நாய்' என்று வந்துவிட்டது. கீழே அனுசியாவின் படம். அதைக் கண்டதும் பெத்தம்மாள் முதல்முறையாகப் பத்திரிகையைத் தெருவில் நாலு வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

அன்று சாயங்காலமே நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் பாண்டிச்செல்வம் மாலையும் கையுமாக வந்து இறங்கினார். மாலை நாய்க்கு. அனுசியாவுக்கு ஒரு சால்வை.

"மேடம், எங்க வயித்துல பாலை வார்த்துட்டீங்க. இது அந்தக் காலத்து ஜாதின்னு சொன்னா வடக்க உள்ளவன் நம்ப மாட்டேங்கான். இப்ப மண்ணே சாட்சி சொல்லிட்டுல்லா?"

"சார், நான் அப்படிச் சொல்லவே இல்ல. ஒப்பிட்டுப் பாத்தாத்தான் எதுவும் தெரியும்."

"பாருங்க, நல்லாப் பாருங்க. யாரு வேண்டாம்னா? அதுக்குள்ள நாங்க கண்ணாடிப் பெட்டிக்கு ஆர்டர் குடுத்துடுதோம்."

தாளாளருக்குத் தலைகால் புரியவில்லை. முன்கூடத்தில் பெரிய கண்ணாடிப்பெட்டி, ஏ.சி., திறப்புவிழா, வி.ஐ.பி. எல்லாம் சங்கத்தின் செலவு. அனுசியா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: ஒப்பிட வேண்டுமென்றால் இன்றைய ராஜபாளையம் நாய் ஒன்றின் முழு எலும்புக்கூடு வேண்டும், நம்மிடம் இல்லை.

"அதுக்கென்ன, சங்கத்துல கேட்டா ஒண்ணு குடுத்துட்டுப் போறாவ" என்றார் தாளாளர், நாற்காலி கேட்பது போல.

சங்கத்தில் யாரும் கொடுக்கவில்லை. உயிரோடு குட்டி வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். எலும்பாக என்று கேட்டதும் போனைக் கீழே வைத்தார்கள்.

கொடுக்க வந்தவர் சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய ஒருவர். ராஜரத்தினம் என்று பெயர். வீட்டில் தெலுங்கு பேசுகிற, மாந்தோப்புள்ள குடும்பம். எழுபது வயதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி கசங்காமல் வந்து நின்றார். முகத்தில் நல்ல கோபம்.

"ஏம்மா, நீங்கதானா அந்தப் பேப்பர்ல வந்தவங்க? எங்க பெரியவங்க வடக்க இருந்து வரும்போது கூடவே கூட்டிட்டு வந்த நாய் இது. எங்க வீட்ல தலைமுறை தலைமுறையாச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாலயே இங்க இருந்துச்சுன்னா நாங்க என்னத்தைக் கூட்டிட்டு வந்தோம்? பொய் சொல்லிட்டுத் திரியுறோம்னு ஆகாதா?"

"அய்யா, வடக்க இருந்து வந்துச்சா இங்கயே இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. இந்த ஒரு நாய் எப்படி இருந்துச்சுன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும். அதுக்கும் ஒரு எலும்புக்கூடு வேணும்."

வீட்டில் ஒரு நாய் படுத்துக் கிடப்பதாக அவர் சொன்னார். வயசாகிவிட்டது, டாக்டர் கைவிட்டுவிட்டார். பெயர் பங்காரம். பிறவியிலேயே காது கேட்காது. இந்த ஜாதியில் அப்படிச் சில பிறக்கும். தரையைத் தட்டினால்தான் திரும்பிப் பார்க்கும். இதையெல்லாம் கோபம் குறையாமலே சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. "வந்து எடுத்துக்கோங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அனுசியா எடுத்துக்கொண்டு வரவில்லை. அவருடைய மாந்தோப்பிலேயே, சாக்கில் சுற்றி ஆழமாகப் புதைக்கச் சொன்னாள். மண்ணும் புழுவும் தங்கள் வேலையை முடிக்கட்டும், பிறகு எடுப்போம் என்றாள். இழவு வீட்டில் நின்றுகொண்டு இப்படிப் பேசுவது எப்படி இருக்கும் என்பது பேசி முடித்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. வாழ்நாளில் அவள் கையாண்ட மிருகங்களில், வளர்த்தவர் பக்கத்தில் நின்று அழுதது இது ஒன்றுக்குத்தான்.

மாதங்கள் சென்று தோண்டினார்கள். ராஜரத்தினம் குடை பிடித்துக்கொண்டு குழியோரம் நின்றார். அருங்காட்சியகத்துப் பின்கட்டுக்கும் கூடவே வந்தார். வேலுத்தாய் வாளித் தண்ணீரில் ஒவ்வோர் எலும்பாகத் துலக்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கும்போது குளிக்கவே விடாது" என்றார். "மூணு பேர் பிடிக்கணும்."

"இப்ப சமத்தா இருக்குய்யா" என்றாள் வேலுத்தாய். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார்.

இரண்டு நாய்களையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்து அனுசியா நாட்கணக்கில் அளந்தாள். உண்மையில் அளக்கவே தேவை இருக்கவில்லை. பங்காரத்தின் கால் எலும்புகள் ஈட்டி மாதிரி நீண்டிருந்தன. மண்டையோடு ஒடுங்கி நீண்டது. பழைய நாயோ ஒரு சாண் குட்டை. அகன்ற மண்டை, கட்டையான கால். டீக்கடை வாசலில் வடைக்காக வாலாட்டிக்கொண்டு நிற்குமே, அந்த நாய். அவள் அன்றைக்கு அதிகாரியிடம் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி.

ராஜரத்தினத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொன்னேன்லம்மா! பாண்டிச்செல்வத்தைக் கூப்பிடுங்க, வந்து பாக்கட்டும்!" என்று மேசையைத் தட்டினார். தட்டிவிட்டு, பழைய நாயின் பக்கம் அலட்சியமாகப் பார்த்தவர், அதன் முன்னங்காலைக் கண்டு நின்றார். எலும்பு நடுவில் முண்டும் முடிச்சுமாகக் கோணிப் போயிருந்தது.

"இதென்ன?"

"குட்டியா இருக்கும்போதே ஒடிஞ்சிருக்குய்யா. கோணலா ஒட்டிருக்கு. கடைசி வரைக்கும் நொண்டித்தான் நடந்திருக்கும்."

"கடைசி வரைக்கும்னா?"

அனுசியா தாடையைத் திருப்பிக் காட்டினாள். பற்கள் ஈறு மட்டம் தேய்ந்திருந்தன. "நல்ல கிழடு. வேட்டைக்கும் ஆகாது, காவலுக்கும் ஓடாது. இத்தனை வருசமும் யாரோ சோறு போட்டிருக்காங்க."

அவர் அந்தக் கோணல் எலும்பை விரலால் தொட்டார். எங்கள் தாத்தா காலத்தில் கால் ஒடிந்த நாயை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்றார். துப்பாக்கி எதற்கு இருந்தது என்றார். அதன்பின் பாண்டிச்செல்வத்தைக் கூப்பிடச் சொன்னதை மறந்தே போனார்.

ஆனால் விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அனுசியா முடிவை எழுதிக்கொண்டுபோய்த் தாளாளரிடம் கொடுத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் கழற்றினார்.

"நாய் இல்லைன்னு சொல்லலையேம்மா நீ?"

"நாய்தான் சார். ராஜபாளையம் நாய் இல்ல."

"அம்புட்டுத்தானே? ரெண்டையும் சேத்தே வச்சிருவோம். அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். நீ விவரமா எழுதி வை, படிக்கிறவன் படிச்சுக்கிடட்டும்."

ஒரே கண்ணாடிப்பெட்டிக்குள் இரண்டு நாய்களும் ஒன்றையொன்று பார்த்தபடி சுருண்டு படுத்தன. எது பழையது, எது நேற்று இருந்தது, ஏன் இரண்டும் வேறு வேறு என்று அனுசியா யாருக்கும் புரியும்படி பலகையில் எழுதினாள். அதை எழுத அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

விழாவன்று ராஜபாளையத்திலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் பலகையைப் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் நொண்டிக் கால் குட்டை நாய். இன்னொரு பக்கம் நெடுநெடுவென்று, பளிச்சென்ற வெள்ளையில் ஒரு நாய். எது ராஜபாளையம் நாய் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தால் எலும்பு பழுப்பேறிப் போகும், புதிய எலும்புதான் வெள்ளையாக இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது பலகையில் இருந்தது.

வி.ஐ.பி. மைக்கைப் பிடித்து, "ரெண்டாயிரம் வருசம் மண்ணுக்குள்ள கிடந்தும் அந்த வெள்ளை மாறலை பாருங்க! இதுதான் நம்ம மண்ணோட மகிமை!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாண்டிச்செல்வம் பங்காரத்தின் பக்கமாகக் கண்ணாடிமேல் ரோஜாமாலையைச் சார்த்தினார். குட்டை நாயை ஒப்பிடுவதற்காக வைத்த தெருநாய் என்று நினைத்து, அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் சிலர் கையை ஊன்றிச் சாய்ந்துகொண்டார்கள்.

முன்வரிசையில் ராஜரத்தினம் இருந்தார். அவர் எழுந்து கூச்சல் போடப் போகிறார் என்று அனுசியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூச்சல் போட்டால் அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வழி பிறக்கும். அவர் எழவில்லை. மாலை விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனாள். "அய்யா, தப்பாச் சொல்லிட்டாங்க. நீங்களாவது எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லலாம்மா" என்றார். "பங்காரத்துக்கு இம்புட்டு சனம் வரும்னு நான் நெனைக்கலை. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே."

ஒரு நாள் என்றது மாதமாயிற்று. வாசல் காவலாளி சோலைச்சாமி, வருகிறவர்களுக்கு வெள்ளை நாயைக் காட்டி ரெண்டாயிரம் வருசம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டான். அனுசியா திருத்தினால் அவள் நிற்கும்வரை சரியாகச் சொல்வான். சிலர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்: பழைய நாய் எதுவென்று குழப்பமாக இருக்கிறதே? தாளாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சனங்க குழம்புறாங்கம்மா. அந்தக் குட்டை நாயை எடுத்துப் பின்னால வச்சிருவோமே."

அனுசியா இத்தனை வருடத்தில் அந்த அறையில் குரல் உயர்த்தியதில்லை. "சார், எதைத் தோண்டி எடுத்தாங்களோ அதைத் தூக்கி உள்ள வச்சிட்டு, போன வருசம் செத்த நாயை மட்டும் காட்டப் போறோமா? அப்படின்னா ரெண்டையும் எடுத்துருவேன். இல்லேன்னா என்னையும் எடுத்துருங்க."

அவளை எடுத்துவிட்டால் எலும்புச் சாக்குகளை யார் பார்ப்பது என்பது தாளாளருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து விஜயபாண்டியிடம் சொன்னாள். அவன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "நாய் யாருது? குடுத்தவரு திருப்பிக் கேட்டா உங்க தாளாளர் என்ன செய்வாரு? அவர்ட்ட பேசு" என்றான். ஸ்டேஷனில் எத்தனையோ பஞ்சாயத்தை முடித்து வைத்தவன்.

அவள் ராஜரத்தினத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் நாயைத் திரும்பக் கேளுங்கள் என்றாள். அவர் சென்னையிலிருந்து பேரன் பேத்திகள் வந்து பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னார். சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்து அனுப்புவதைச் சொன்னார். வருகிறேன் என்றாரா, இல்லையா என்பது தெளிவாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அனுசியா வருவதற்கு முன்பே வந்து கண்ணாடிப்பெட்டி எதிரே நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த ஒரு கூட்டம், நெற்றியில் நாமத்தோடு சோலைச்சாமியைச் சுற்றி நின்றது. அவன் கையை நீட்டி, "இந்தா இருக்கே வெள்ளை, இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி..." என்று ஆரம்பித்தான்.

"ஏம்ப்பா" என்றார் ராஜரத்தினம். "அது போன வருசம் வரைக்கும் என் கட்டில்ல படுத்துக் கிடந்த நாய்ப்பா."

கூட்டம் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன் பெயரைச் சொன்னார், அதற்குக் காது கேட்காததைச் சொன்னார், இட்லியைத் தொடாது, தோசை என்றால் உயிர் என்றார். ஒரு பெண் கண்ணாடியருகே போய், "அய்யோ, பாவம்!" என்றாள். மாலை போட்டுக் கும்பிட்டவர்கள் யாரும் அந்த நாயைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. பிறகு அவர் மறுபக்கம் நடந்து, "பெரியவர் இவருதான்" என்று குட்டை நாயைக் காட்டினார். கோணிய காலைக் காட்டினார். கூட்டம் குனிந்து பார்த்தது. கண்ணாடியில் சாய்ந்திருந்த ஒருவர் கையை எடுத்துக்கொண்டார்.

பங்காரத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. தாளாளர் யோசித்து முடிப்பதற்குள் ஞாயிறுதோறும் ராஜரத்தினம் சொல்கிற நாய்க்கதையைக் கேட்கவென்றே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பாண்டிச்செல்வம் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, வடக்கேயிருந்து பெரியவர்கள் கூட்டி வந்த நாய் என்பதும் பெருமைதான் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுக்கொண்டார். அனுசியா அதையும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை.

ஊருக்குள் செய்தி பரவியதில் வேறொன்று நடந்தது. வளர்த்ததைப் புதைக்க மனமில்லாதவர்கள் அனுசியாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளையின் தலையைக் கொடுத்தார். ஒரு டீச்சர் கிளியை டிபன் பாக்ஸில் கொண்டுவந்தார். செட்டியார்பட்டியிலிருந்து அவளுடைய அப்பாவே போன் செய்து, பக்கத்து வீட்டு வான்கோழி இழுத்துக்கொண்டு கிடக்கிறது, சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். ஒப்பிட ஒன்றுமில்லாமல் சாப்பாட்டுத் தட்டுகளில் பொறுக்கியவளுக்கு, இப்போது வைக்க இடம் போதவில்லை. தாளாளர் பின்கட்டில் இன்னோர் அறை கட்டிக் கொடுத்தார். ஆண்டறிக்கையில் எலும்புகளுக்கு ஒரு பக்கம் கிடைத்தது. பாதிப் பக்கத்தை வி.ஐ.பி.யின் படம் எடுத்துக்கொண்டது.

பெத்தம்மாளும் ஒருநாள் வந்து பார்த்தாள். கண்ணாடிப்பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நொண்டி நாய்க்குச் சட்டி நெறையச் சோறு வச்சுப் பொதைச்சிருக்காவ. எந்தக் காலத்துலயோ நல்ல மனுசங்க இருந்திருக்காவட்டி" என்றாள். சட்டியில் இருந்தது சோறுதானா என்று தெரியாது என்று அனுசியா சொல்லவில்லை. அன்று மாலை அவள் வழக்கம்போலக் கொல்லைப்புறமாக வர, பெத்தம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "முன்வாசல் தெறந்துதானே கெடக்கு. ஆனா கால் கழுவிட்டு வா."

அனுசியாவுக்கு இப்போதைய தொல்லை ராஜரத்தினம்தான். வாரத்துக்கு வாரம் குட்டை நாயின் கதை வளர்ந்துகொண்டே போகிறது. முதலில் கால் ஒடிந்ததோடு நின்றது. அப்புறம் காட்டுப்பன்றி முட்டி ஒடித்தது என்று ஆயிற்று. இப்போது அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூடத்து மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் எல்லை தாண்டும்போதெல்லாம், "அய்யா, அது நமக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

"தெரியாதாம், மேடம் சொல்றாங்க" என்று கூட்டத்திடம் ஒப்புக்கொள்வார். பிறகு தொடர்வார்.

போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதை வளர்த்தது ஒரு பொம்பளையாத்தான் இருக்கணும். ஆம்பளையா இருந்தா எங்க தாத்தா மாதிரி எப்பவோ முடிச்சிருப்பான்."

அதற்கு எலும்பில் சாட்சி கிடையாது. அனுசியா சொல்வதற்காக எழுந்தாள். கூட்டத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் அந்தக் கோணல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுவிட்டு, வேலுத்தாய் கழுவி வைத்த எலும்புகள் உலர்ந்துவிட்டனவா என்று பார்க்கப் பின்கட்டுக்குப் போனாள்.